மன்றத்திற்கு வெளியேயும் அதே சொல்



வழக்குரைஞராக இருந்து நாட்டுத் தலைவராக உயர்ந்த ஆபிரகாம் லிங்கனின் (1809–1865) வாழ்க்கையை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பேச்சுப்போட்டிகளில் அழகுற எடுத்துரைக்கின்றனர். அது நன்றே. ஆயினும், ஜுருவிலிருந்து நெடுஞ்சாலையில் தெற்கே சென்றால் இரண்டு மணி நேரத்திற்குள் எட்டிவிடக்கூடிய ஈப்போவில் வாழ்ந்த ஒரு தமிழ் வழக்குரைஞரை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

டி. ஆர். சீனிவாசகம் 1921ஆம் ஆண்டு, இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். அவர்தம் தமையனார் எஸ். பி. சீனிவாசகமும் வழக்குரைஞரே. 1953இல் பேராக் முற்போக்குக் கட்சியாகத் தோன்றிப் பின்னர் மக்கள் முற்போக்குக் கட்சி எனப் பெயர்பெற்ற இயக்கத்தை இவ்விருவருமே வழிநடத்தினர். சீனம், தமிழ் ஆகிய மொழிகளுக்கும் உரிய இடம் வேண்டும் என்று அக்கட்சி வலியுறுத்தியது. தமிழரான சீனிவாசகத்தைச் சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஈப்போ மக்கள் 1957ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் கூட்டரசுச் சட்டமன்றத்திற்கு அனுப்பினர். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராக 1969 மார்ச்சு மாதம் மறையும்வரை அவர் தொடர்ந்தார்.

அவர் வாழ்வில் ஆசிரியர்கள் அறியவேண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1960ஆம் ஆண்டின் கல்வி ஆய்வறிக்கைக்குத் தலைமை தாங்கிய அமைச்சர் அப்துல் ரகுமான் தாலிப் மீது, அவர் நாடாளுமன்றத்தில் ஊழல் குற்றச்சாட்டு எழுப்பினார். மன்றத்தினுள் பேசும் உறுப்பினர்மீது அவதூறு வழக்குத் தொடர இயலாது; சட்டம் அவருக்குக் காப்பு. ஆகவே, அதனை வெளியே கூற முடியுமா என்ற அறைகூவல் எழுந்தது. சீனிவாசகம் வெளியே வந்து, பொதுமேடையில் அதையே கூறினார். அமைச்சர் வழக்குத் தொடுத்தார். தாம் கூறியது உண்மையே என்பதே சீனிவாசகத்தின் எதிர்வாதம். 1964இல் நடந்த விசாரணையின் முடிவில் வழக்குத் தள்ளுபடியானது, மேல்முறையீடும் வெற்றிபெறவில்லை. அமைச்சர் பதவி விலகினார்.

இங்கே துணிவை மட்டும் போற்றினால் பாதியையே கற்றவராவோம். சான்று கையில் இல்லாதிருந்தால் அத்துணிவே அவரை வீழ்த்தியிருக்கும். நீதிமன்றத்தில் நிறுவக்கூடியதை மட்டுமே அவர் வெளியே கூறினார் என்பதுதான் மறுபாதி.

இன்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பள்ளியைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும், சிற்சில வேளைகளில் மாணவரைப் பற்றியும் செய்திகள் பறக்கின்றன. அனுப்பியவர் யார் எனக் கேட்டால், "எனக்கும் வந்தது, அனுப்பினேன்" என்பதே விடை. குழுவினுள் ஓங்கி ஒலிக்கும் குரல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசுவதில்லை. உண்மையான குறைகளும் இதனால் தீர்வின்றியே மறைந்துவிடுகின்றன. இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான்.

கட்டுரை எழுதும் மாணவரிடம் நான் கேட்கும் வினாக்கள் மூன்று: இதை யார் கூறினார்? சான்று எது? உன் பெயரிட்டு எழுதுவாயா? பெற்றோரும் பகிர்வதற்குமுன் இவற்றை ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஈப்போ செல்வோர், அவர் பெயர் தாங்கிய பூங்காவிற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ஊஞ்சலாடி முடித்தபின், அப்பெயருக்குரியவர் யாரென்று கூறுங்கள்.

அன்புடன்,
ஜுருவிலிருந்து ஒரு தமிழாசிரியர்