திருடு போன டீ கிளாஸ்

எங்கள் சித்தப்பா கரகாட்ட செட்டில் கோமாளி. கழுகுமலை, கயத்தாறு, நாகலாபுரம், விளாத்திகுளம் என்று கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல்காட்டு ஊர்களில் கொடைக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் நையாண்டி மேளத்தோடு போய் ஆடியவர். ஆட்டம் இல்லாத மாதங்களில் தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுவார். அவரிடம் ஒரு டீக்கடை ஜோக் உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லியிருக்கிறார்.

மேளம் நிற்கும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். "எங்க ஊரு டீக்கடையில எனக்கு இருக்கிற மரியாதை வேற எவனுக்கும் கிடையாதுய்யா." தவில்காரர் எடுத்துக் கொடுப்பார்: "அப்படி என்னய்யா மரியாதை?" "எனக்குன்னு தனி கிளாஸு வச்சிருக்காக. வேற எவனும் தொட முடியாது. நான்தான் குடிக்கணும், நான்தான் கழுவணும், நான்தான் கவுத்தி வைக்கணும்." "அப்ப மொதலாளிக்கு?" "அவரு பாவம்யா. ஊர்ல அம்புட்டுப் பேரும் எச்சி வச்ச கிளாஸுலதான் அவருக்கும் ஊத்துறாக. அம்புட்டு நெலம் இருந்து என்னத்துக்கு, சொந்தமா ஒரு கிளாஸுக்கு வக்கில்லை."

எங்கள் தெரு ஜனம் சிரிக்கும் சிரிப்பு இருக்கிறதே, அதில் பாதி இருமலாக இருக்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது. சித்தப்பாவும் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து வீடுகளை நொறுக்கிய பிறகு, கொஞ்ச காலம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்த மேடையிலும் அந்த ஜோக்கை அவர் எடுக்கவில்லை. பிறகு ஓர் ஊரில், கூட்டத்தைத் தப்பாகக் கணித்து, எடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்து வேஷம் கலைக்கும் இடத்துக்கு நான்கு பேர் வந்தார்கள். முன்பல் ஒன்று போனது. பேசிய தொகையும் வரவில்லை, அச்சாரத்தோடு சரி. அந்தப் பல் போன வாயோடுதான் மீதிக் காலம் முழுக்க அதே ஜோக்கைச் சொன்னார். பல் போனதால் 'எச்சி' என்கிற வார்த்தை இன்னும் நன்றாக விழுகிறது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு டிவி காமெடி நிகழ்ச்சியில் ஓர் இளைஞர் அந்த ஜோக்கைச் சொன்னார். தனி கிளாஸ், யாரும் தொடமாட்டார்கள், நானே கழுவணும், நானே கவுத்தணும். வார்த்தைக்கு வார்த்தை சித்தப்பாவுடையது. நடுவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அதில் முதலாளி இல்லை. எச்சியும் இல்லை. அழுக்குச் சட்டை போட்ட, பல நாள் குளிக்காத ஒருத்தன். அவன் நாற்றத்துக்குப் பயந்து கடைக்காரர் தனி கிளாஸ் வைத்திருக்கிறார். அது தெரியாமல் அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். அதுதான் டிவியில் வந்த ஜோக்.

நாங்கள் அதை மொபைலில் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தோம் என்று கணக்கில்லை. திருட்டு என்பது முதல் கோபம். இரண்டாவது கோபம் வர நேரமாயிற்று. சித்தப்பாவின் கோமாளி முட்டாள் மாதிரி நடிப்பான், கேட்கிறவனுக்கு அவன் முட்டாள் இல்லை என்று தெரியும். டிவியில் வந்தவன் நிஜமாகவே முட்டாள். சாதியை எடுத்துவிட்டால் ஜோக் 'பொதுவானது' ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்கள் போல. சாதியை எடுத்ததும் மிஞ்சியது நாற்றம் பிடித்த ஒரு கூலிக்காரன். அவன் யார் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மேல்நோக்கி எறிந்த கல்லை எடுத்து எங்கள் மேலேயே போட்டிருக்கிறார்கள். அதற்காக அந்த இளைஞருக்குப் பல் எதுவும் போகவில்லை. நமக்குத் திருட்டின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

தமிழ் சினிமா நகைச்சுவையில் எழுதியவன் பெயர் மறைவது புதிதல்ல. 1989இல் வந்த கரகாட்டக்காரன் படத்தின் வாழைப்பழக் காமெடியை அறியாத தமிழர் இல்லை. படம் மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. கவுண்டமணி, செந்தில் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த நகைச்சுவைப் பகுதியை எழுதிய ஏ. வீரப்பனின் பெயரைத் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கள் நெல்லைச் சீமையிலிருந்து போன வில்லுப்பாட்டுக்காரர் சுப்பு ஆறுமுகம், என்.எஸ். கிருஷ்ணனுக்கும் நாகேஷுக்கும் எத்தனையோ படங்களுக்கு நகைச்சுவை எழுதிக் கொடுத்தவர். மக்கள் நினைவில் நிற்பது அந்த முகங்கள்தான். இருந்தாலும் அவர்களுக்குச் சம்பளம் இருந்தது, பெயர் எங்காவது பதிவாகி இருந்தது, சுப்பு ஆறுமுகத்துக்குக் கடைசிக் காலத்தில் பத்மஸ்ரீயும் வந்தது. கரகாட்டத்தின் பெயரையே தலைப்பாக வைத்து ஓடிய படத்தின் காலத்தில், கரகம் எடுத்த எங்கள் பெண்கள் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு விடியற்காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

எடுத்தாளுவதெல்லாம் திருட்டு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை எடுத்து என்.எஸ்.கே. 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். 1949இல் வந்த நல்லதம்பி படத்திலும் அது இடம்பெற்றது. சிதம்பரம் போகத் துடித்த நந்தன், இங்கே படிப்புக்காக ரயில் ஏறுகிற கிந்தன் ஆனான். எங்கிருந்து எடுத்தது என்பது பெயரிலேயே இருக்கிறது, கேட்கிற யாரும் ஏமாறவில்லை. எடுத்தது மேலே இருந்தவர்களின் மேடையில் இருந்து, கொடுத்தது பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நின்றவனுக்கு. எங்களைக் கேட்டால், நந்தனை நெருப்பில் இறக்கிப் புனிதமாக்கிய கதையைவிட அந்தக் 'காப்பி' எவ்வளவோ யோக்கியமானது.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்திருக்கிறது. 1830 வாக்கில் தாமஸ் ரைஸ் என்கிற வெள்ளை நடிகர், முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மனிதரின் பாட்டையும் நடையையும் கேலியாக ஆடிப் பெரும் பணமும் புகழும் பார்த்தார். குதிரை லாயத்தில் வேலை செய்த ஒரு கறுப்பினத்தவரைப் பார்த்து எடுத்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்த மனிதர் யார் என்று உறுதியாகத் தெரியவில்லை. ரைஸ் ஆடிய பாத்திரத்தின் பெயர் ஜிம் குரோ. அந்தப் பெயர்தான் பின்னால், கறுப்பின மக்களைத் தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி, தனிக் குழாய் என்று ஒதுக்கிய சட்டங்களுக்கு வழங்கியது. தனி கிளாஸ் வரைக்கும் நமக்குப் பரிச்சயமான ஊர்தான் அது.

அதே நாட்டில் 2007இல், லாஸ் ஏஞ்சல்ஸ் காமெடி ஸ்டோர் மேடையில் ஜோ ரோகன் ஏறி, கார்லோஸ் மென்சியா மற்றவர்களின் ஜோக்குகளைத் திருடுவதாக முகத்துக்கு நேரே சண்டை போட்டார். அங்கே நகைச்சுவைக் கலைஞர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போவதில்லை, தங்களுக்குள் பேசி அசிங்கப்படுத்தி ஒதுக்கி வைக்கிறார்கள். சரிதான். ஆனால் அதற்கு இருவரும் ஒரே மேடையில் ஏறக்கூடியவர்களாக இருக்க வேண்டும். எங்கள் சித்தப்பா எந்த மேடையில் ஏறிக் கேட்பது? சேனலுக்கு ஒரு கடிதம் எழுதினோம். பதில் இல்லை. தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனோம்.

வக்கீல் பதிப்புரிமைச் சட்டத்தை விரித்து வைத்தார். 1957ஆம் ஆண்டுச் சட்டம். நாடகப் படைப்பு என்றால் அது எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகி நிலைபெற்றிருக்க வேண்டும். சித்தப்பாவின் ஜோக் அவர் வாயிலும் தவில்காரர் காதிலும் மட்டுமே நிலைபெற்றிருந்தது. 'நிகழ்த்துநர்' என்பதற்குச் சட்டம் சொல்லும் பட்டியல் எங்களுக்குப் பிடித்திருந்தது: நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி வரை இருக்கிறார்கள். அடடா, நம்ம ஆட்களையும் சேர்த்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டோம். 2012 திருத்தத்தில் ஒட்டிய ஒரு வரியை அவர் அடுத்துப் படித்தார். சினிமாவில் தற்செயலாகவோ சின்னதாகவோ வந்துபோகிறவர், தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் போடப்படாதவர் என்றால், ஒரு சின்ன விதிவிலக்கு தவிர அவர் நிகழ்த்துநராகவே கருதப்பட மாட்டார். இது டிவி ஜோக்கைப் பற்றிய வரி இல்லை. ஆனாலும் திருவிழா காட்சி எடுக்க எங்கள் செட்டை வேனில் ஏற்றிப்போய், ஒருநாள் கூலி கொடுத்துத் திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. பெயர் போடாமல் விட்டதுதான் தப்பு என்று நாம் நினைக்கிறோம். சட்டமோ, பெயர் போடாததையே உரிமை இல்லை என்பதற்குக் காரணமாக எடுத்துக்கொள்கிறது.

எங்கள் ஊர் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி எவனும் வேறு ஊரில் செய்து கோவில்பட்டி கடலைமிட்டாய் என்று விற்க முடியாது. நல்ல விஷயம், நாங்களும் வெடி போட்டோம். அந்தக் கரிசல் மண்ணில் கடலை பிடுங்கியவர்கள் களத்தில் சொன்ன ஜோக்குகளுக்கு அப்படி ஒரு முத்திரை குத்த ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லுங்கள் தோழர்களே.

வக்கீல் வீட்டிலிருந்து திரும்பி, நடந்ததைச் சொன்னபோது சித்தப்பா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "ஏம்ப்பா, அது நான் உண்டாக்குனதுன்னு எவன் சொன்னான்? எங்க வாத்தியாரு போட்டது. அவருக்கு யார் குடுத்தாகளோ." ஆமாம், கோமாளிகளும் பபூன்களும் ஒருவர் சரக்கை ஒருவர் எடுத்துத்தான் வளர்ந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊரிலிருந்து வருகிற நடிகர்கள் மேடையில்தான் சந்திக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான சரக்கு இல்லாவிட்டால் ராத்திரி பத்து மணியிலிருந்து விடிய விடிய எப்படி ஓட்டுவது? ஆனால் சித்தப்பா மேடை ஏறியதும் தரையைத் தொட்டுக் கும்பிட்டு வாத்தியார் பெயரைச் சொல்லாமல் வாய் திறந்ததில்லை. கடன் வாங்கியவன் நடந்துகொள்ளும் முறை அது.

"அப்புறம் நாம மட்டும் என்ன யோக்கியமா?" என்று அவர் கேட்டதைத்தான் எங்களால் எளிதில் தாண்ட முடியவில்லை. கரகாட்ட செட்டில் குறவன் குறத்தி ஆட்டம் இருந்தது. சித்தப்பாவே எத்தனையோ இரவு குறவன் வேஷம் கட்டியிருக்கிறார். குறவர் மக்களின் பெயரையும் உடையையும் எடுத்து, இரட்டை அர்த்தம் பேசி, ஆபாசமாக ஆடிக் காசு பார்த்தவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. அந்த மக்கள் வருஷக்கணக்காகப் போராடி, கோர்ட்டுக்குப் போய், 2023இல் தமிழக அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை போட்டது. தடை வந்தபோது எங்கள் கலைஞர்களிலேயே சிலர் 'வயிற்றுப் பிழைப்பு போச்சு' என்று புலம்பினார்கள். நாங்களும் முதலில் அவர்கள் பக்கம்தான் பேசினோம். குறவர் சமூகத்துத் தோழர் ஒருவர் போனில் கேட்டார்: "உங்க சித்தப்பா கிளாஸை எடுத்தா திருட்டு, எங்க பேரை எடுத்தா கலையா?" பதில் சொல்லத் தெரியாமல் போனை வைத்தோம். அதற்குப் பிறகு அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். இதை எழுதாமல் முந்தையதை எழுத எங்களுக்கு வாய் இல்லை.

இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். சித்தப்பா வயதுக் கோமாளிகளைத் தேடிப் போய் அவர்கள் சொல்வதை மொபைலில் பதிவு செய்து, யார், எந்த ஊர், யாரிடம் கற்றது, எப்போது சொன்னது என்று நோட்டில் எழுதுகிறோம். சட்டம் கேட்கிற 'பதிவு' இதுதானா என்று வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். இதுவரை மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஞாபகம் தப்பிவிட்டது, மேளச் சத்தம் கேட்டால்தான் வரிகள் வருகின்றன. அதனால் தவில்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

முதல் பதிவு சித்தப்பாவுடையது. வாத்தியார் பெயரை முதலில் எழுதினால்தான் வாயைத் திறப்பேன் என்றார். எழுதினோம். குறவன் சரக்கு எதுவும் சொல்ல மாட்டேன் என்றார், சரி என்றோம். டீக்கடை ஜோக் வந்தது. "நான்தான் கவுத்தி வைக்கணும்" என்றதும் நிறுத்தினார். மூச்சு வாங்குகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுக்கப் போனோம். கையைக் காட்டித் தடுத்துவிட்டு, இரண்டு எண்ணும் நேரம் சும்மா இருந்து, அப்புறம் தவில்காரரைப் பார்த்தார். முன்பெல்லாம் அந்த இடத்தில் அவர் நிறுத்தியதே இல்லையே என்று கேட்டோம்.

"டிவியில அந்தப் பய நிறுத்துனான்லா," என்றார். "அது நல்லாருந்துச்சுப்பா."