பிறர் வீட்டுத் திறப்பு

குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போக நேர்ந்தால் உங்கள் வீட்டில் யார் வந்து படுப்பார்கள்? கோழிகளுக்குத் தீன் போடுவது யார்? பூனைக்கு மீன் தலை வைப்பது யார்? சாச்சியின் மகன் வருவான். பக்கத்து வீட்டு மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். திறப்பைக் கையில் கொடுத்து, "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சொன்னால் நம் ஊரில் காரியம் முடிந்துவிடும். இதற்கென்று ஒரு பெயரும் கிடையாது, கூலியும் கிடையாது. ஆனால் இதையே தம் வாழ்க்கையாக்கிக்கொண்டு, ஆண்டு முழுவதும் பிறர் வீடுகளிலேயே குடியிருக்கும் ஒரு தம்பதியரை நான் இங்கிலாந்தில் சந்தித்தேன். அவர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், என் தங்கச்சியின் குடும்பத்தைப் பார்க்க பிரைட்டன் நகருக்குப் போயிருந்தேன். லண்டனிலிருந்து தெற்கே புகையிரதத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நம் கடற்கரைகளைப் போல அங்கே மணல் இல்லை. எல்லாம் கூழாங்கற்கள், அலை திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம் தூரத்துக்கும் கேட்கும். ஊரின் நடுவே பள்ளிவாசலோ என்று எண்ணும்படி குவிமாடங்களோடு ஒரு மாளிகை நிற்கிறது. நான்காம் ஜோர்ஜ் மன்னருக்காகக் கட்டப்பட்டது. பின்னால் வந்த விக்டோரியா மகாராணிக்கு அது பிடிக்கவில்லை. 1850இல் ஊரவர்களே அதை வாங்கிக்கொண்டார்கள். முதலாம் உலகப் போரில், 1914 டிசம்பர் தொடக்கம் 1916 ஜனவரி வரை, காயமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்கு அதுவே ஆஸ்பத்திரி. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் வெவ்வேறு தண்ணீர்க் குழாய்கள், தனித்தனிச் சமையலறைகள், முஸ்லிம்கள் தொழுவதற்குப் புல்வெளியில் ஓர் இடம் என்று ஏற்பாடுகள் செய்திருந்தார்கள். உரிமையாளர் இல்லாத வீட்டில் அந்நியர் தங்குவது அந்த ஊருக்குப் பழக்கப்பட்ட விடயம்தான் போலும்!

அதே பிரைட்டனில்தான் 2010இல் 'ட்ரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்' என்ற நிறுவனம் ஆரம்பமாகியது. பிரயாணம் போகும் வீட்டாரையும், வீடு பார்க்க ஆயத்தமாக இருப்பவர்களையும் அது இணைத்துவிடுகிறது. இரு சாராரும் நிறுவனத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். ஆனால் வீட்டாரிடமிருந்து காவலிருப்பவருக்குச் சம்பளம் இல்லை. அவரிடமிருந்து வீட்டாருக்கு வாடகையும் இல்லை. தங்க ஓர் இடம், அதற்குப் பதிலாகப் பராமரிப்பு. அவ்வளவுதான்.

இதற்கென்று ஒரு நிறுவனம் ஏன் தேவைப்படுகிறது என்று கேட்பீர்கள். அங்கே பிள்ளைகள் தூரத்து ஊர்களில் வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டாரின் பெயர் தெரியாமலே பல வருடங்கள் கழிந்துவிடுகின்றன. வீட்டை வெறுமனே பூட்டிவிட்டுப் போகலாமென்றால் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து வீடு நனைந்துவிடும். முப்பது நாட்களுக்கு மேல் வீடு ஆளில்லாமல் கிடந்தால் பல காப்புறுதிப் பத்திரங்களில் நட்டஈடு குறைந்துவிடும். நாய், பூனைகளைப் பணம் கட்டி விடுதியில் விடலாம். இங்கிலாந்தில் அப்படியான விடுதிகளுக்கு அனுமதிப்பத்திரமும் அவசியம். என்றாலும் பூனை மனிதரோடு ஒட்டுவது போலவே இடத்தோடும் ஒட்டும் பிராணி. வயதான பூனையை இடம் மாற்றினால் அது சாப்பாட்டை விட்டுவிடவும் கூடும். ஆகவே பூனை வீட்டிலேயே இருக்க, மனிதர் இடம் மாறி வருகிறார்கள்.

தங்கச்சியின் பக்கத்து வீட்டார் மூன்று வாரம் ஸ்பெயின் நாட்டுக்குப் போயிருந்தார்கள். அந்த வீட்டைப் பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய அறுபது வயதான கணவனும் மனைவியும். ஒரு கிழட்டு நாயும் ஒரு கிழட்டுப் பூனையும் அவர்களுடைய பொறுப்பில் இருந்தன. நாயைத் தொட்டால் நம் ஷாஃபிஈ மத்ஹபில் சுத்தம் செய்யும் முறை உங்களுக்குத் தெரியும். அதனால் தங்கச்சி வேலிக்கு இப்பால் நின்றே கதைப்பாள். ஒரு மாலை அவர்களைத் தேத்தண்ணீருக்கு அழைத்தாள். அவர்களும் நிலைமையை விளங்கிக்கொண்டு, உடை மாற்றி, நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள்.

அவர்களுக்கென்று வீடு இல்லை. ஓய்வுபெற்ற பின், இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஐந்து வருடங்களாக இப்படியே வாழ்கிறார்களாம். ஒரு கார், நான்கு பெட்டிகள், சுருட்டி வைத்த ஒரு தொழுகைப்பாய் அளவில் ஒரு கம்பளம்: உடைமை அவ்வளவுதான். கடிதங்கள் மகளின் விலாசத்துக்கு வருகின்றன. ஸ்கொட்லாந்தில் ஒரு மாதம், வேல்ஸில் இரண்டு வாரம், பிறகு கடலோரம். கேட்கக் கேட்க எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வாடகை இல்லாமல் நாடு முழுவதும் சுற்றலாமே!

அந்த அம்மணி சிரித்துவிட்டுத் தன் நாளை விவரித்தார். காலை ஆறரைக்கு நாயை நடத்த வேண்டும். பூனைக்குத் தைராய்ட் நோய். காலையும் மாலையும் மாத்திரையை இறைச்சிக் கூழில் ஒளித்துக் கொடுக்க வேண்டும். அது மாத்திரையை மட்டும் துப்பிவிட்டால் மறுபடியும் முயல வேண்டும். பூனையின் மணற்பெட்டியைத் துப்புரவாக்கி, செடிகளுக்கு நீர் ஊற்றி, குறித்த நாளில் குப்பைத் தொட்டியை வீதியில் வைத்து, ஒவ்வோர் இரவும் பிராணிகளின் படமொன்றை வீட்டாருக்கு அனுப்ப வேண்டும். நாயை நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியே விடக்கூடாது. அதனால், பத்து நிமிடத் தூரத்தில் இருந்த அந்த மாளிகையைக் கூட அவர்கள் இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்கவில்லை.

"எத்தனையோ வீட்டுக் குசினிகளில் சமைத்துவிட்டேன். இன்றைக்கும் கரண்டி எடுக்கப் போனால் கை முதலில் பிழையான லாச்சியைத்தான் திறக்கிறது" என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஒரு வீட்டின் தவணை முடிந்து அடுத்த வீடு தொடங்க ஐந்து நாள் இடைவெளி இருந்தால், அந்த ஐந்து நாளும் கூரை தேட வேண்டும். 2020இல் கொரோனா வந்து பிரயாணங்கள் நின்றபோது, இப்படி வாழ்ந்தவர்களுக்குப் போக வீடே இல்லாமல் போனது. இவர்கள் மகளின் சிறிய வீட்டில் மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் பாரமானது பொறுப்பு. ஒருமுறை இவர்கள் பார்த்த நாய் நடு இரவில் விழுந்துவிட்டது. வீட்டார் வேறு கண்டத்தில்; தொலைபேசிக்குப் பதில் இல்லை. மிருக வைத்தியர் சத்திரசிகிச்சையா, வேண்டாமா என்று இவர்களிடம் கேட்கிறார். அந்நாட்டின் 2006ஆம் ஆண்டுப் பிராணி நலச் சட்டப்படி, பிராணியைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரும் பொறுப்பாளியே. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை நாம் அறிவோம். வாயில்லா ஜீவன் ஓர் அமானிதம் என்பதை அந்த இரவு அவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். விடியும் வரை இருவரும் அந்த ஆஸ்பத்திரிக் கதிரையிலேயே இருந்தார்களாம். காலையில் வீட்டார் பேசினார்கள், நாயும் பிழைத்தது.

வெளிநாட்டில் இப்படி இலவசமாகத் தங்கலாமே என்று உங்கள் பிள்ளைகள் யாரும் நினைத்தால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். 2022இல் ஓர் அவுஸ்திரேலியப் பெண்ணை அமெரிக்க விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். தங்கும் இடத்துக்குப் பதிலாகப் பூனை பார்ப்பதும் வேலைதான் என்பது அதிகாரிகளின் முடிவு. உல்லாசப் பிரயாணி விசாவில் வேலை செய்ய முடியாது.

அந்தத் தீர்ப்பு கடுமையாகத் தோன்றினாலும் அதில் ஓர் உண்மை இருக்கிறது. சம்பளம் இல்லாததால் ஒரு வேலை வேலையில்லாமல் போய்விடாது.

சகோதரிகளே, இந்த இடத்தில்தான் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்தது. இருந்த வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்ட உம்மாமார் நம்மிடையே எத்தனை பேர்! மூத்த மகளுக்குப் பிள்ளைப்பேறு என்றால் அங்கே நாற்பது நாள். மகன் உம்ராவுக்குப் போனால் அவன் வீட்டுக் காவல். இளைய மகள் கொழும்புக்குப் போனால் பேரப்பிள்ளைகளும் கோழிகளும் அவர் பொறுப்பு. ஒரு துணிப்பையோடு வீடு வீடாகப் போய்வரும் அவருடைய கையும் கரண்டிக்காகப் பிழையான லாச்சியைத்தான் திறக்கும்.

ஆனால் அந்த ஆங்கிலேயத் தம்பதியருக்கு எந்தத் திகதி வர வேண்டும், எந்தத் திகதி போகலாம் என்று முன்கூட்டியே தெரியும். செய்ய வேண்டியவை ஒரு கொப்பியில் எழுதப்பட்டிருக்கும். முடியாதென்றால் மறுக்கலாம். வேலை முடிந்ததும் வீட்டார் நன்றி எழுதுவார்கள். நம் உம்மாவுக்கு இவற்றில் எது கிடைக்கிறது? "உம்மா இருக்கிறாதானே" என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவருடைய முழங்கால் வலியையும், மருந்து முடிந்ததையும் கேட்க ஆளில்லை.

இது உறவுக்குக் கூலி பேசச் சொல்வதல்ல. பெற்றோருக்கு உபகாரம் செய்யக் கடமைப்பட்டவர்கள் நாம்; அவர்களிடமே வேலை வாங்கும்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா? அடுத்த முறை உங்கள் வீட்டுத் திறப்பை உம்மாவிடமோ, விதவைச் சாச்சியிடமோ, பக்கத்து வீட்டு மாமியிடமோ நீட்டும் முன், முதலில் "உங்களுக்கு வசதிப்படுமா?" என்று கேளுங்கள். திரும்பும் நாளைச் சொல்லுங்கள். சமையல் செலவுக்கும் மருந்துக்கும் காசு வையுங்கள். கட்டிலையும் அலுமாரியில் ஒரு தட்டையும் அவருக்கென்று ஒதுக்கிக் கொடுங்கள். திரும்பி வந்ததும், கொண்டுவந்த சாமான்களை அவிழ்க்கும் முன் அவரருகில் இருந்து இரண்டு வார்த்தை பேசுங்கள்.