ஈரத்தின் மேல்முனை

திங்கள்

பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகும் வண்டிக்கு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வைத்தியம்தான் நடக்கிறது. குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுவது ஒன்று. ‘ரேக் போயிடுச்சு’ என்று சக்கரங்களைத் திருப்பும் ரேக்கையே கழற்றிப் புதிதாக மாட்டுவது மற்றொன்று. முதலாவதற்குச் செலவு மிகக் குறைவு, இரண்டாவதற்கு மிக அதிகம். இரண்டிலும் விட்டுப்போவது ஒரே வேலை: எண்ணெய் எந்த இடத்தில் வெளியேறுகிறது என்று பார்ப்பது. இந்த ரிப்பேரில் பெரிய பங்கு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பொருளை மாற்றுவது அதற்குப் பின்னால் வரும் வேலை, பல நேரம் சின்ன வேலை. கிரைஸ்லர் இம்பீரியல் காரில் 1951-ல் பவர் ஸ்டியரிங் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் ஆயிலில் இயங்கும் இந்த வகையின் அடிப்படை ஏற்பாடு பெரிதாக மாறவில்லை: எஞ்சின் பெல்ட் சுழற்றும் பம்பு, எண்ணெய் நிற்கும் டப்பா, அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ், ஸ்டியரிங்கின் அடியில் ஒரு வால்வு, திரும்பி வரும் ஹோஸ். ஒழுகக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியிருக்கும்போது ஊகத்தில் ரேக்கை மாற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

புதன்

சொட்டு விழும் இடத்தை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். பம்பு வாயின் வாஷரில் கசிந்தது குறுக்குச் சட்டத்தின் மேல் நடந்து ரேக்கின் மீது போய்ச் சொட்டும். அடியில் படுத்துப் பார்ப்பவர் கண்ணுக்கு நனைந்த ரேக் மட்டுமே தெரியும். அதனால் முதலில் எல்லாவற்றையும் டீசல் போட்டோ டிகிரீசர் போட்டோ நன்றாகத் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓட்டி, ஈரம் மீண்டும் முளைக்கும்போது அதன் மேல்முனையைத் தேட வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பார்ப்பது அவசியம். நேரே ஓடும் வண்டியில் வால்வு எண்ணெயைச் சும்மா சுற்றிவர விடுகிறது, அழுத்தம் சொற்பம். நின்ற இடத்தில் ஃபுல் கட் அடித்தால் அதே எண்ணெய் 80 முதல் 100 பார் வரை எகிறும். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம். இதிலிருந்து ஒரு துப்பும் கிடைக்கிறது. இரவு முழுக்க நிறுத்திய வண்டியின் அடியில் எண்ணெய் தேங்கினால் டப்பா, திரும்பும் ஹோஸ், அதன் கிளாம்பு ஆகியவற்றின் மேல் முதல் சந்தேகம் வர வேண்டும். ஓடினால் மட்டும் குறைகிறதென்றால் அழுத்த ஹோஸில், அதிலும் ரப்பரும் இரும்புக் குழாயும் சேரும் பிரஸ் செய்த இடத்தில் பார்க்க வேண்டும். ஆனால் ஃபுல் கட்டில் சில நொடிகளுக்கு மேல் பிடித்திருக்கக் கூடாது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகிப் பம்பு பாழாகும்.

ஒழுகுவது ஸ்டியரிங் ஆயில்தானா என்பதையும் முதலிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது. பழைய இன்னோவா போன்ற வண்டிகளில் டெக்ஸ்ரான் வகை சிவப்பு எண்ணெய். டொயோட்டாவின் கூலண்ட்டும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. நிறத்தை விட்டுவிட்டு விரலில் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பு சொல்லிவிடும்.

வெள்ளி

ஊற்றிக்கொண்டே ஓட்டினால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பாட்டில் எண்ணெயின் விலையைப் பார்த்தால் கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த எண்ணெய்தான் பம்புக்கு உயவும். மட்டம் இறங்கினால் பம்பு காற்றை இழுக்கும், டப்பாவில் நுரை தெரியும், திருப்பும்போது முனகும். அந்த முனகல் காற்று கலந்த எண்ணெயின் சத்தம்; அப்படியே ஓட்டினால் உள்ளே உலோகம் தேயும். கசிந்த எண்ணெய் பெல்ட்டில் பட்டால் பெல்ட் வழுக்கும், அதே பெல்ட் சுழற்றும் ஆல்டர்னேட்டரும் சரியாகச் சார்ஜ் ஏற்றாது. சூடான எக்ஸாஸ்டில் தெறித்தால் தீப்பிடிக்கவும் வழியுண்டு. கசிவை அடைக்கும் திரவங்களும் நிரந்தரத் தீர்வு அல்ல. அவை ரப்பர் சீலை மென்மையாக்கிச் சற்று உப்ப வைக்கின்றன. காய்ந்து இறுகிய சீலில் கொஞ்ச காலம் பலன் தெரியும்; வெடித்த ஹோஸிலும் கீறல் விழுந்த ரேக் தண்டிலும் ஒன்றும் செய்யாது. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றும் பழக்கம் மட்டும் மன்னிக்க முடியாதது. அது கிளைக்கால் அடிப்படையிலான திரவம்; எண்ணெய்க்கென்று செய்த சீல்களை உப்பவைத்துச் சிதைத்துவிடும். ஒரு வாஷரில் முடிந்திருக்க வேண்டிய வேலை பம்பு, ரேக் எல்லாவற்றின் சீலுக்கும் பரவும்.

ஞாயிறு

மெக்கானிக்குகள் தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. துடைத்து, ஓட்டி, பார்த்து, மறுபடி துடைக்கும் நேரத்துக்கு வாடிக்கையாளர் காசு தருவதில்லை; மாட்டிய பொருளுக்குத்தான் தருகிறார். ரேக்கை மாற்றினால் புகார் திரும்பி வராது என்ற கணக்கும் உண்டு. முதல் பாதி முழு உண்மை. பார்ப்பதற்கும் கூலி உண்டு என்பதை வண்டிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளாதவரை ஒர்க்‌ஷாப்பை மட்டும் குறை சொல்வது அநியாயம். இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. கசிந்தது ஹோஸ் என்றால் புது ரேக் மாட்டிய பிறகும் ஒழுகும். பழைய பம்பு தேய்ந்து விழுந்த இரும்புத்தூள் சுற்றில் இருக்க, எண்ணெயை முழுக்க வடித்துக் கழுவாமல் மாட்டினால் புது ரேக்கின் சீலும் சீக்கிரமே தேயும்.

ரேக் உண்மையிலேயே போனதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் உறையின் கிளிப்பைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். உள்ளே எண்ணெய் தேங்கியிருந்தால் ரேக்கின் சீல் விட்டுவிட்டது, வாதத்துக்கு இடமில்லை. அப்போதும் தண்டு பளபளப்பாக இருந்தால் சீல் கிட் போதும். துருவோ கீறலோ விழுந்திருந்தால் அந்தத் தண்டின் மேல் புது சீல் நிலைக்காது. முழு ரேக்குக்குச் செலவழிப்பதுதான் சரி. அழுத்த ஹோஸ் போனதென்றால், டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்து தரும் கடைகள் ஓரளவு பெரிய ஊர்களில் உண்டு. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் தரத்தைச் சொல்லிக் கேட்டால் அங்கேயே செய்துவிடலாம். அழுத்தப் பக்கத்து ஹோஸில் கிளாம்பு போட்டு இறுக்குவது மட்டும் ஒருபோதும் ஆகாது. எதை மாற்றினாலும் இணைப்பில் புது வாஷரும் ஓ-ரிங்கும் வேண்டும். எண்ணெய் ஊற்றியதும் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமலேயே ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெல்லத் திருப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். குமிழி வருவது நின்று, மட்டமும் இறங்காமல் நின்ற பிறகுதான் சாவியைத் திருப்பலாம்.