முன்னால் சாயும் கண்ணாடி

ராத்திரி ரயிலில் ஜன்னலோர ஸீட். ஏ.சி. கோச். வண்டி ஏதோ ஒரு ஸ்டேஷனில் நிற்கிறது. விழுப்புரமா, விருத்தாசலமா? எட்டிப் பார்க்கிறீர்கள். உங்கள் மூஞ்சிதான் தெரிகிறது. அதற்குப் பின்னால், எதிர் ஸீட்டில் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் தெரிகிறார். போர்டு மட்டும் தெரியவில்லை. என்ன செய்வீர்கள்? இரண்டு கைகளையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்ப்பீர்கள். சட்டென்று பிளாட்பாரம், டீக்கடை, பெயர்ப்பலகை எல்லாம் வந்துவிடும். இந்த வித்தையை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொடிசுகள்கூடச் செய்கின்றன.

இப்போது ஒரு கற்பனை. நீங்கள் பயணி இல்லை, வண்டியை ஓட்டுகிறவர். வண்டியும் ரயில் இல்லை. 46 அடிப் படகு. நடு அட்லான்டிக், ராத்திரி ரெண்டு மணி. முன்னால் ரேடார், மேப் காட்டும் திரை, ஆழம் காட்டும் கருவி, இன்ஜின் மீட்டர்கள் என்று நாலைந்து வெளிச்சங்கள். உங்கள் டூட்டி நாலு மணி நேரம். அத்தனை நேரமும் கையைக் குவித்துக்கொண்டு நிற்க முடியுமா?

முடியாது என்பதால்தான் சில படகுகளின் முன்பக்கக் கண்ணாடி பார்ப்பதற்கு அத்தனை கோணலாக இருக்கிறது.

டிராலர் யாட் என்று ஒரு ஜாதிப் படகு உண்டு. நம் ஊரில் டிராலர் என்றால் மீன்பிடி விசைப்படகு. இது மீன் பிடிக்காது. மீன்பிடிப் படகின் உடல்வாகை மட்டும் கடன் வாங்கியது. உயரமான மூக்கு, கனத்த வயிறு, உள்ளே டீசல் டேங்க், படுக்கை, சமையலறை. ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் ரிட்டயரான அமெரிக்கர்கள், ஐரோப்பியர்கள். புருஷன், பெண்டாட்டி ரெண்டே பேராக, வீட்டை விற்றுவிட்டு இதில் ஏறி உலகத்தைச் சுற்றுகிற ஆசாமிகளும் உண்டு. வேகம் எட்டு நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். நம்ம ஊர் சைக்கிள் வேகம்தான்.

இதற்கெல்லாம் ஆதிகர்த்தாக்களில் ஒருவர் ராபர்ட் பீபி. அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பாய்மரம் கட்டாமல், இன்ஜினை மட்டும் நம்பி ஒரு சின்னப் படகால் சமுத்திரம் தாண்ட முடியும் என்று கணக்குப் போட்டார். 1963-ல் சிங்கப்பூரில் ‘பாஸேஜ்மேக்கர்’ என்ற 50 அடிப் படகைக் கட்டி முடித்து, இந்தியப் பெருங்கடல் வழியாக கிரீஸ் வரை ஓட்டிக் காட்டினார். 1975-ல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். அதைப் படித்துக் கிறுக்குப் பிடித்தவர்கள் ஏராளம். 2004-ல் நோர்ட்ஹாவன் என்ற கம்பெனியின் ஏற்பாட்டில் 18 படகுகள் கூட்டமாக ஃப்ளோரிடாவில் கிளம்பி பெர்முடா, அசோர்ஸ் வழியாக ஜிப்ரால்டருக்கே போயின.

இந்த வகைப் படகுகளின் படங்களைப் பாருங்கள். பலவற்றில், ஓட்டுகிறவர் நிற்கும் அறையின் முன்கண்ணாடி காரில் இருப்பதுபோலப் பின்னால் சாய்ந்திருக்காது. மேல் விளிம்பு முன்னால் துருத்திக்கொண்டு, கீழ் விளிம்பு உள்ளே போயிருக்கும். காற்றைக் கிழித்துப் போக வேண்டிய பொருள், காற்றைப் பார்த்து முகத்தை நீட்டுகிறது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, ஆசாரி கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிவிட்டாரோ என்று தோன்றும்.

நான் படித்தது பி.காம். தேய்மானக் கணக்கு கேட்டால் சொல்வேன்; ஒளியியல் என் டிபார்ட்மென்ட் இல்லை. மெர்ச்சன்ட் நேவியில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். செகண்ட் ஆபீசராக நள்ளிரவு 12 மணியிலிருந்து 4 மணி வரை பல வருஷம் விழித்திருந்தவர்.

“உங்க கார் டேஷ்போர்டுல என்ன வெச்சிருக்கீங்க?” என்றார்.

“பிள்ளையார்.”

“கண்ணாடியில தெரியுவாரா?”

தெரிவார். பகலிலேயே ரோட்டுக்கு நடுவில் மங்கலாக மிதந்துகொண்டு வருவார்.

அவ்வளவுதான் விஷயம். பார்வை கண்ணாடியில் பட்டு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கத்துப் பொருள் பிம்பமாகத் தெரியும். கார் கண்ணாடி நம் பக்கம் சாய்ந்திருப்பதால் பார்வையைக் கீழே திருப்பிவிடுகிறது, டேஷ்போர்டு தெரிகிறது. ரயில் ஜன்னல் செங்குத்து. நேராகத் திருப்பி நம் மூஞ்சியையே காட்டுகிறது. முன்னால் சாய்ந்த கண்ணாடியோ பார்வையை மேலே அனுப்பிவிடுகிறது. கண்ணாடி 15 டிகிரி சாய்ந்தால் நேர்ப்பார்வை 30 டிகிரி மேல்நோக்கித் திரும்பும். அங்கே என்ன இருக்கிறது? கூரை. அந்தக் கூரைக்குக் கறுப்பு வண்ணம் அடித்து, விளக்கையும் அணைத்துவிட்டால் கண்ணாடியில் தெரிய ஒன்றுமே மிச்சமில்லை. அப்புறம் கடல்தான்.

ஏர்போர்ட் கன்ட்ரோல் டவரைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றிலும் கண்ணாடி, எல்லாமே வெளிப்பக்கமாகச் சாய்ந்து, பூந்தொட்டி மாதிரி மேலே அகலமாக இருக்கும். அதுவும் இதே சங்கதிதான்.

பெரிய கப்பல்களுக்கு இது ஏட்டிலேயே ஏறிவிட்ட விதி. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தத்தின்படி, 1998 ஜூலை 1 முதல் கட்டப்படும், 55 மீட்டருக்குக் குறையாத கப்பல்களில் பிரிட்ஜின் முன்கண்ணாடி மேல்பக்கம் வெளியே சாய்ந்திருக்க வேண்டும். 10 டிகிரிக்குக் குறையக் கூடாது, 25-ஐத் தாண்டக் கூடாது. கூலிங் கிளாஸ் மாதிரி சாயம் போட்ட கண்ணாடியும் கூடாது. 46 அடிப் படகை இந்த விதி கட்டுப்படுத்தாது. யாரும் கேட்காமலேயே இவர்கள் அதைப் பின்பற்றுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகாயத்திலும் ஒரு தடவை இதைச் செய்து பார்த்தார்கள். 1933-ல் பறந்த போயிங் 247 விமானத்தின் ஆரம்பகால மாடலில் பைலட் கண்ணாடி முன்னால் சாய்ந்திருந்தது. மீட்டர் வெளிச்சம் கண்ணில் விழாமல் தப்பித்தார்கள். ஆனால் ராத்திரி தரையிறங்கும்போது கீழே இருக்கும் ஊர் விளக்குகள் வந்து பிரதிபலிக்க ஆரம்பித்தன. காற்றும் கொஞ்சம் கூடுதலாகத் தடுத்தது. அடுத்து வந்த 247-டி மாடலில் கண்ணாடியைப் பழையபடி பின்னால் சாய்த்து, மீட்டர்களுக்கு மேலே தொப்பி விளிம்பு மாதிரி ஒரு மறைப்பு வைத்துச் சமாளித்தார்கள். விமானத்துக்குக் காற்று பெரிய செலவு. எட்டு நாட்டில் நகரும் படகுக்கு அந்தச் செலவு பைசா பெறாது. அதனால் ஆகாயத்தில் தோற்ற யோசனை கடலில் நிலைத்துவிட்டது.

(காரிலும் உண்டு. 1959-ல் வந்த ஃபோர்டு ஆங்கிலியா காரின் பின்கண்ணாடி இப்படித் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். அங்கே காரணம் வேறு, மழை தங்காது என்பது. ஹாரி பாட்டர் படத்தில் பறக்குமே, அதே கார்தான்.)

மழை விஷயம் படகுக்கும் பொருந்தும். மேல் விளிம்பு முன்னால் வந்திருப்பதால் கண்ணாடிக்கு அதுவே சன்ஷேட். உச்சி வெயில் நேராக உள்ளே விழாது. ஓட்டுகிறவர் தலை இடிக்காமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நிற்கலாம். கெடுதல் ஒன்று உண்டு. பெரிய அலை ஏறி வந்து அறைந்தால், பின்னால் சாய்ந்த கண்ணாடியில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். இதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே கெட்டியான கண்ணாடி போடுகிறார்கள். புயல் காலத்தில் மேலே பலகை மாட்டிக்கொள்ளவும் சிலவற்றில் ஏற்பாடு இருக்கிறது. அறைக்கு முன்னால் இடுப்பளவு சுவர் எழுப்பி, நடுவில் ஆள் நடக்க இடம் விட்டு, அலையை முதலில் அந்தச் சுவரில் மோதவிடுவதும் உண்டு. அதற்கு ‘போர்ச்சுகீஸ் பிரிட்ஜ்’ என்று பெயர்.

இத்தனை பாடும் எதற்கு? ஒரு சின்ன வெளிச்சத்துக்காக.

சர்வதேச விதிப்படி 12 மீட்டருக்குக் குறைந்த படகின் பக்கவாட்டுச் சிவப்பு, பச்சை விளக்குகள் 1 கடல் மைல் தூரம் தெரிந்தாலே போதும். ஒரு கடல் மைல் என்றால் 1,852 மீட்டர். 15 நாட்டில் வரும் கப்பல் அந்தத் தூரத்தை நாலே நிமிடத்தில் கடந்துவிடும். அந்த நாலு நிமிடத்தில் பார்க்க வேண்டும், இது என்ன, எந்தப் பக்கம் போகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும், திருப்ப வேண்டும். கண்ணாடியில் மீட்டர் விளக்கின் பிம்பம் ஒரு பச்சைப் புள்ளியாக விழுந்து கிடக்கிறது என்று வையுங்கள். நிஜமான பச்சைப் புள்ளி எது, கண்ணாடிப் புள்ளி எது? ஓட்டுகிறவர் தலையை அசைத்து அசைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நண்பர் இதைச் சொன்னபோது எனக்கு 2018 ஆகஸ்ட் 7 ஞாபகம் வந்தது. கேரளாவின் முனம்பத்திலிருந்து மீன் பிடிக்கப் போன ‘ஓஷியானிக்’ படகில், விடிவதற்கு முந்தைய இருட்டில் ஒரு கப்பல் மோதியது. படகில் 14 பேர். பெரும்பாலானவர்கள் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்கள் இரண்டே பேர். அதற்குக் கண்ணாடிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. கடல் விபத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனால் மரப்படகு ரேடாரில் மங்கலாகத்தான் விழும். கப்பலில் நிற்கிற ஆள் கண்ணால் பார்ப்பது என்பது அந்தப் படகுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அதனால்தான் சாய்ந்த கண்ணாடியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும். கெடுக்க ஒரு செகண்ட் போதும். கீழே சமையலறையில் யாராவது பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால்கூட அந்த வெளிச்சம் படியேறி வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். எனவே ஓட்டும் அறைக்குத் தனிக் கதவோ, கனத்த திரையோ வைக்கிறார்கள். ராத்திரி ஆம்னி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் தடுப்பு இருக்கிறதே, அது மாதிரி. “லைட்டை ஆஃப் பண்ணுங்க சார், ரோடு தெரியலை” என்று டிரைவர் கத்தும்போது நம்மில் பாதிப் பேர் அவரைச் சிடுமூஞ்சி என்று நினைத்திருப்போம். படகில் விளக்கு தேவைப்பட்டால் மங்கலான சிவப்பு. அது இருட்டுக்குப் பழகிய கண்ணை அதிகம் தொந்தரவு செய்யாது.

இதில் ஒரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. முன்னால் சாய்ந்த கண்ணாடி இப்போது ஃபேஷன். ‘நாங்களும் சமுத்திரம் தாண்டுவோமாக்கும்’ என்று பந்தா காட்டுவதற்காகவே பெரிய பணக்காரப் படகுகளில் வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிளம்பி சாயங்காலம் கரைக்கு வந்துவிடுகிற படகுக்கு அது எதற்கு? அதைவிடக் கொடுமை, கண்ணாடியைச் சாய்த்துவிட்டுக் கூரைக்குப் பளபளவென்று வெள்ளை வார்னிஷ் அடித்து, அதில் வரிசையாகக் குட்டி விளக்குகள் பதிப்பது. படகுக் கண்காட்சியில் பார்க்க ஜோராக இருக்கும். ராத்திரி அத்தனை விளக்கும் கண்ணாடியில் கல்யாண வீடு மாதிரித் தொங்கும். சாய்வு கூரையைத்தான் காட்டும் என்று தெரியாமல், சாய்வை மட்டும் காப்பியடித்தால் அப்படித்தான் ஆகும்.

பீபி காலத்தில் ரேடார் ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். இன்றைக்கு ஒரு நடுத்தர டிராலர் யாட்டில் மூன்று பெரிய ஸ்கிரீன், பக்கத்துக் கப்பல்களின் பெயரைச் சொல்லும் கருவி, இன்ஜின் ரூம் கேமரா, செல்போன், சார்ஜர் எல்லாம் இருக்கிறது. ஸ்கிரீனையெல்லாம் மங்கலாக்க பட்டன் வைத்துவிட்டார்கள். சார்ஜர் முனையில், ஸ்விட்ச் நுனியில், ஸ்மோக் அலாரத்தின் வயிற்றில் மினுக்கும் பொட்டு விளக்குகளுக்கு அப்படி பட்டன் கிடையாது. சமுத்திரம் தாண்டுகிற பல படகுகளில் இதற்கு ஒரே வைத்தியம்தான். எலெக்ட்ரீஷியன்கள் ஒயரில் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப். பல கோடி ரூபாய்ப் படகில், அழகான தேக்குப் பலகையில், சுண்டு விரல் நகத்தளவு கறுப்புத் துண்டுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டியிருக்கும்.