இரண்டு விநாடி

கேமரன் மலை என்றாலே எல்லாருக்கும் தேயிலைதான். எங்கள் திரிங்காப் காய்கறி ஊர். சித்தி வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் முட்டைக்கோஸ் பாத்திதான். அங்கே காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் சித்தி மகன் வேலை செய்கிறான். கணக்கியல் டிப்ளோமா முடித்தவன். பேசும்போது திக்கும். அவனுடைய ஓகேயூ அட்டையிலும் பேச்சுக் குறைபாடு என்றுதான் பதிவு.

போன மாதம் கோலாலம்பூர் நிறுவனம் ஒன்றின் நேர்காணல். எதிரே ஆள் கிடையாது. கைப்பேசியில் மென்பொருள் கேட்கும், இவன் பதில் சொல்ல வேண்டும். பெயரின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். மூச்சு திரும்புவதற்குள் "தெரிமா காசே" சொல்லி அது அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஐந்து கேள்விக்கும் அதே கதை.

"நான் இன்னும் முடிக்கலைண்ணே," என்றான், பதிவை எனக்குப் போட்டுக் காட்டி.

என்ன நடந்தது என்று எனக்கு உடனே தெரிந்தது. இந்த மென்பொருளுக்குப் பேச்சு எங்கே முடிகிறது என்று புரியாது, மௌனத்தை அளக்கும். மௌனம் ஒரு அளவைத் தாண்டினால் பதில் முடிந்ததாகக் கணக்கு. இதே மாதிரி ஒன்றை என் முதல் வேலையில் நானே எழுதியிருக்கிறேன். இரண்டு விநாடி என்று வைத்தேன். ஏன் இரண்டு? அலுவலக நண்பர்கள் ஒன்பது பேரைப் பேசவைத்துப் பார்த்தேன், சரியாக வேலை செய்தது. ஒன்பது பேரில் ஒருவருக்கும் திக்காது. இன்னொருவரைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எழுத்தில் மட்டும் விண்ணப்பித்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. 2024இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஒரே சுயவிவரம், அதில் மாற்றுத்திறன் தொடர்பான விருதுகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சாட்ஜிபிடி பலமுறை அதைக் கீழே தள்ளியது. விருது வாங்கியதற்கே இந்தக் கதி.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சமமாக வேலை பெறும் உரிமையை 29ஆவது பிரிவு சொல்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. அரசாங்க வேலையில் 1 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. ஆனால் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே மென்பொருள் கழித்துவிட்டால், மறுக்கப்பட்டதே யாருக்கும் தெரியப்போவதில்லை.

தம்பியிடம் என் இரண்டு விநாடிக் கதையைச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"உனக்கு எத்தனை விநாடி வச்சா சரியா இருக்கும்?" என்று கேட்டேன்.

யோசித்தான். வெளியே லோரியில் கூடைகள் ஏறிக்கொண்டிருந்தன.

"அது எனக்கே தெரியாதுண்ணே. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி. முடிச்சிட்டேன்னு நான் அமுக்க ஒரு பட்டன் வச்சா போதாதா?"

அந்தப் பட்டனை எழுத எனக்கு ஒரு மத்தியானம்கூட ஆகாது.