எலிவேஷனும் சித்தியின் செயினும்

மதுரையில் வீடு கட்டுகிறவர்கள் இப்போதெல்லாம் கடக்கால் தோண்டுவதற்கு முன்னாலேயே முகப்பைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். 'த்ரீடி எலிவேஷன்'. ஒத்தக்கடை தாண்டி மூணு சென்ட் மனைதான் என்றாலும் படத்தில் சாயங்கால வெளிச்சம், வாசலில் கார், பக்கத்தில் வேப்பமரம் எல்லாம் வேண்டும். ஆனையூரில் என் சித்தப்பா மகனுக்கு இதுதான் தொழில்.

2022 கடைசியில் சித்தியின் செயினை அடகு வைத்து ஒன்றேகால் லட்சம் புரட்டிவிட்டு, "அண்ணே, நல்ல சிஸ்டமா ஒண்ணு சொல்லுங்க" என்றான். சாஃப்ட்வேர் எழுதுகிறவனுக்கு மிக்ஸி வரைக்கும் தெரியும் என்பது நம் குடும்பங்களின் நம்பிக்கை. கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் பெரும்பணம் ஐ9 ப்ராசஸருக்குப் போயிருந்தது.

எதில் ரெண்டர் போடுகிறாய் என்பதுதான் முதல் கேள்வி. கொரோனா ரெண்டரர் என்றால் முழுக்க ப்ராசஸரில் ஓடும். ஐ9-க்கு நியாயம் உண்டு. இவன் வரைவது ஸ்கெட்ச்அப்பில், அது பெரும்பாலும் ஒரே கோரை நம்பி ஓடுவது. ரெண்டர் பிளெண்டரில், கிராபிக்ஸ் கார்டு வழியாக. அப்படியென்றால் காசு கார்டுக்குத்தான் போக வேண்டும். அதிலும் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ வேகமானது, ஆனால் 8 ஜிபி. சாதா 3060-ல் 12 ஜிபி. புல், மரம், திரைச்சீலை எல்லாம் கார்டின் மெமரிக்குள் அடங்காவிட்டால் வேகமான கார்டும் தவழும், இல்லை நின்றே போகும். ஒரு வேப்பமரத்துக்கு எத்தனை இலை!

அடுத்தது வெயில். எந்தக் கூலரும் சிப்பின் சூட்டை அறைக் காற்றில் தள்ளிவிடத்தான் முடியும். அறையை விடக் குளிர்ச்சியாக ஆக்காது. மே மாதம், மொட்டை மாடிக்குக் கீழ் அறை, ஏசி கிடையாது. 100 டிகிரியை நெருங்கினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூடியூபில் ஏசி ரூமில் எடுத்த ஸ்கோர் ஆனையூரில் வராது. அதனால் முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட் வேண்டாம், வலை வைத்தது எடு என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. "கஸ்டமர் பின்னால உக்காந்து பாக்குறாங்கண்ணே. லைட்டு மின்னுனாத்தான் அட்வான்ஸ் குடுக்குறாங்க." சிரிக்க முடியவில்லை, அதுவும் தொழில் கணக்குதான். வலைக்குப் பின்னால் கலர் லைட் ஃபேன் இரண்டு மாட்டினோம்.

மிச்சம் கரண்ட். ஒரு நிமிட வாக்த்ரூவுக்கு நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் 1500 படம். படத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் 25 மணி நேரம். நடுவில் கரண்ட் போகாமல் இருக்குமா? நேராக வீடியோவாக எடுத்தால் மொத்தமும் போச்சு. தனித்தனிப் படமாகச் சேமித்தால் ஓடிக்கொண்டிருந்த ஒன்றுதான் போகும். இதற்குச் செலவே இல்லை. ஐ9-ஐ விட்டதில் மிஞ்சியதில் சைன் வேவ் யூபிஎஸ் ஒன்று வாங்கினான். பதினைந்தாயிரத்தை அடகுக் கடையிலேயே திருப்பிக் கட்டினான்.

கோடையில் ரெண்டர் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். அந்த அறையில் அப்போது மனுஷன் படுக்க முடியாது. சித்தி பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்.