மன்னும் உப்பும்

நரம்பின் வழியே எந்த நீர் ஏறினாலும் அதனைக் 'குளுக்கோஸ்' என்றே நம் மக்கள் அழைப்பர். அது ஏறினால் தெம்பு வரும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய நம்பிக்கை. தலையில் அடிபட்டு அவசர அறுவைக்குச் செல்வோர்க்கு இந்நம்பிக்கை ஊறு விளைவிக்கக்கூடும் என்பதை நாம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று அறிந்தோம்.

எம்மிடம் ஓதும் மாணவர் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, மண்டையோட்டினுள் இரத்தம் கட்டி நினைவிழந்தார். அறுவைக்கு ஆயத்தம் நடந்தபோது அவர் தந்தை எம் கரம் பற்றி, "ஹஜ்ரத், பிள்ளை காலையிலிருந்து பட்டினி. இவர்கள் வெறும் உப்புத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். குளுக்கோஸ் போடச் சொல்லுங்கள்" என மன்றாடினார். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவ அம்மையாரிடம் நாம் அதனை எடுத்துரைத்தோம்.

"பாய், அந்தச் சர்க்கரையை உடல் எரித்துவிடும்; எஞ்சுவது வெறும் தண்ணீர். அது மூளைக்குள் புகுந்து வீங்கச் செய்யும். மண்டையோடு விரிந்து கொடுக்காதே!" என்றார் அவர். இரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்தவர்க்கு மட்டும் விதி வேறு என்றும் சொன்னார். தந்தையார் அமைதியுற்றார். மாணவர் அல்லாஹ்வின் அருளால் பிழைத்தார். மீண்டும் பாடம் ஓதச் சில மாதங்கள் பிடித்தன.

பின்னர் இது குறித்துப் படித்தோம். 1919-இல் வீட், மெக்கிப்பன் என்னும் அமெரிக்கர் இருவர், இரத்தத்தில் செறிவுமிக்க உப்புநீரைச் செலுத்தினால் மூளை சுருங்குவதையும், வெறும் நீரைச் செலுத்தினால் வீங்குவதையும் பூனைகளிடம் கண்டனர். லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நீரில் சோடியம் 154 மில்லிமோல். ரிங்கர் லாக்டேட்டிலோ 130. இரத்தத்தைவிடச் சற்றே நீர்த்த அதனை இந்நோயாளிகட்கு மிகுதியாக ஏற்றத் தயங்குகின்றனர். ஆயினும் நீரே கொடாது உலர்த்துவதும் தவறு. இரத்த அழுத்தம் தாழ்ந்தால் அடிபட்ட மூளைக்குக் குருதி எட்டாது.

விலையுயர்ந்தது மேலானதாகும் என்பதும் இல்லை. தலைக்காயமுற்ற 460 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2007-இல் வெளிவந்தது. இரண்டாண்டு முடிவில், ஆல்புமின் என்னும் புரதநீர் பெற்றோரில் நூற்றுக்கு 33 பேரும், எளிய உப்புநீர் பெற்றோரில் நூற்றுக்கு 20 பேரும் இறந்திருந்தனர்.

வீக்கம் மிகுந்தால் மன்னிடால் ஏற்றுவர். மூளையின் நீரை இரத்தத்துக்குள் இழுத்துச் சிறுநீராக வெளியேற்றுவது அது. ஒருவகை மரத்தின் இனிய பிசினுக்கு வழங்கிய 'மன்னு' என்ற பெயரே அதற்கும் வாய்த்தது. பனூ இஸ்ராயீல்களுக்கு இறங்கிய உணவின் பெயரும் அதுவன்றோ! அம்மருந்தும் அளவு மீறினால் உடலை வறட்டி இரத்த அழுத்தத்தைத் தாழ்த்திவிடும்.

சூரா அர்ரஹ்மானில் வானத்தின் உயர்வோடு மீஸானும் கூறப்படுவதை நாம் எத்தனையோ முறை மாணவர்க்கு விளக்கியதுண்டு. ஒரு துளி நீரிலும் அத்தராசு நிற்கிறது. எனவே, நோயாளிக்குச் சர்க்கரை நோய் உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, என்ன மாத்திரை உண்கிறார் என்பவற்றை மறையாது உரைப்பது உறவினர் மீதுள்ள அமானிதம். எந்த நீர் என்பதை அறிந்தோரிடம் விடுவோம். துஆவை நாம் ஏற்போம்.